சூதாடு கழகம்: அன்றும் இன்றும்

(அடி அண்ணாமலையில் மகாவீரர் முக்தி நாள் விழாவில் ஆற்றப்பெற்ற உரை)

 

வர்த்தமான மகாவீரர் பாவாபுரியில் வீடுபேறு எய்திய விடியலை நினைந்து விளக்கேற்றும் நாள் தீபாவளி. அதே தீபாவளி இரவில், வடநாட்டு இல்லங்கள் பலவற்றில் திருமகளின் வரவைப் பெயராகச் சொல்லிப் பணம் வைத்துச் சீட்டாடும் வழக்கமும் உண்டு. பற்றனைத்தும் துறந்தவரை நினைக்கும் இரவும், பற்றைத் தூண்டும் ஆட்டத்தின் இரவும் ஒன்றாகவே அமைந்துவிட்டன. ஆதலின் இந்நன்னாளில் சூதினைப் பற்றிப் பேசுதல் பொருத்தமே ஆகும்.

சமண இல்லறத்தார் விலக்க வேண்டிய ஏழு தீய ஒழுக்கங்களுள் முதலில் எண்ணப்படுவது சூது. ஊனுண்ணல், கட்குடி, பரத்தையர் தொடர்பு, வேட்டை, களவு, பிறன்மனை விழைதல் ஆகிய ஆறும் அதன்பின் வருவன. புருஷார்த்த சித்தியுபாயம் என்னும் நூலை அருளிய அமிர்தசந்திர ஆசாரியரும், பயனின்றித் தீமை விளைக்கும் செயல்களை விலக்கும் அனர்த்ததண்ட விரதத்தை விளக்குமிடத்தில் சூதினைக் கடிந்துரைக்கின்றார்.

எனினும், "சூது தீது" என்று சொல்லி நிறுத்திக்கொண்டால் இன்றைய இளைஞர் அமைதியுறுவதில்லை. "அரசு உரிமம் தந்த இடத்தில் ஏமாற்று ஏது? கணக்கறிந்து ஆடினால் என்ன குறை?" என்று அவர்கள் வினவுகின்றனர். நேர்மையான வினாவுக்கு நேர்மையான விடை வேண்டும். காசினோ எனப்படும் சூதாட்ட விடுதி எவ்வாறு இயங்குகிறது என்பதை அறிந்தாலன்றி அவ்விடையைத் தருதல் இயலாது.

கழகம் என்னும் சொல்

காசினோ என்பது இத்தாலிய மொழியில் சிறு வீடு எனப் பொருள்படும் சொல். தமிழில் அதற்கு நேரான சொல் புதிதாகப் படைக்கப்பட வேண்டியதில்லை. திருக்குறளில் 94 ஆம் அதிகாரம் சூது. அங்கே சூதாடும் இடத்தைக் குறிக்க வள்ளுவர் ஆளும் சொல் கழகம். கற்றோர் கூடும் அவையைக் குறிக்கும் அதே சொல் கவறு உருளும் களத்தையும் குறித்தது. இவ்வதிகாரம் அறத்துப்பாலில் இல்லாமல் பொருட்பாலில், கள்ளுண்ணாமைக்கும் மருந்துக்கும் இடையே வைக்கப்பட்டிருப்பது எண்ணத்தக்கது. சூது பாவம் என்பதோடு அது குடியின் பொருளையும் உடலின் நலத்தையும் அழிக்கும் நோய் என்பதும் இவ்வைப்பு முறையால் புலனாகின்றது.

நம் நாட்டார் நெஞ்சில் நிலைத்த சூதுக் கதைகள் இரண்டு. ஒன்று தருமனின் கதை. மற்றொன்று புகழேந்தியார் நளவெண்பாவில் பாடிய நளனின் கதை. தருமனைச் சகுனியின் வஞ்சகம் வென்றது. நளனைக் கலியின் சூழ்ச்சி வீழ்த்தியது. இவற்றைக் கேட்டு வளர்ந்தோர் உள்ளத்தில், கேடு வஞ்சகத்தில்தான் உள்ளது, வஞ்சகமில்லாத சூதில் கேடில்லை என்னும் எண்ணம் படிந்துவிட்டது. இன்றைய காசினோவைப் புரிந்துகொள்ளத் தடையாக நிற்பது இவ்வெண்ணமே. உரிமம் பெற்ற காசினோவுக்குச் சகுனி தேவையில்லை. எல்லா விதிகளையும் பலகையில் எழுதி வைத்து, யாரையும் ஏமாற்றாமல், அது பணத்தை எடுத்துக்கொள்கிறது.

திருவிழாத் திடலில் ஒரு கணக்கு

தமிழகத்துத் திருவிழாத் திடல்களில் லங்கர் கட்டை என்னும் ஆட்டத்தைக் கண்ட முதியோர் இச்சபையில் இருக்கக்கூடும். லங்கர் என்பது நங்கூரம். விரிப்பில் கிரீடம், நங்கூரம், ஆட்டின், டைமன், இஸ்பேடு, கிளாவர் என ஆறு படங்கள். அதே ஆறு படங்கள் பொறித்த கட்டைகள் மூன்று. ஒரு படத்தின்மேல் ஒரு ரூபாய் வைத்தவர்க்கு, அப்படம் ஒரு கட்டையில் விழுந்தால் ஒரு ரூபாயும், இரண்டில் விழுந்தால் இரண்டு ரூபாயும், மூன்றிலும் விழுந்தால் மூன்று ரூபாயும் வைத்த பணத்தோடு சேர்த்துக் கிடைக்கும்.

படங்கள் ஆறு, கட்டைகள் மூன்று. ஆகவே பாதிக்குப் பாதி வாய்ப்பு என்று ஆடுவோர் எண்ணுவர். ஆறு பேர் ஆறு படங்களிலும் ஆளுக்கொரு ரூபாய் வைத்ததாகக் கொள்க. மூன்று கட்டைகளும் வெவ்வேறு படங்களைக் காட்டினால் மூவர் தோற்ற பணம் மூவர்க்குச் செல்லும். கட்டை உருட்டுபவனுக்கு ஒன்றும் இல்லை. இரண்டு கட்டைகள் ஒரே படத்தைக் காட்டினால் நால்வர் தோற்பர். வென்றவர்க்குச் செல்வது மூன்று ரூபாய். அவனுக்கு ஒரு ரூபாய் மிஞ்சும். மூன்றும் ஒரே படமானால் ஐவர் தோற்பர்; வென்றவர்க்கு மூன்று; அவனுக்கு இரண்டு மிஞ்சும். ஆக, படம் இரட்டித்து விழும்போது மட்டுமே அவனுக்கு வருவாய். கூட்டம் ஆரவாரிப்பதும் அப்போதுதான்! வைக்கப்படும் ஒவ்வொரு நூறு ரூபாயிலும் ஏறத்தாழ எட்டு ரூபாய் இவ்வாறு அவன் பக்கம் சேர்கிறது. கட்டையில் ஈயம் வைக்கவில்லை, கைவித்தை இல்லை, எண்களின் இயல்பு மட்டுமே வேலை செய்கிறது. இச்சிறு விரிப்பை விளக்கொளி மிக்க மாளிகைக்குள் கொண்டு சென்றால் அதுவே காசினோ.

மாளிகையின் ஆட்டங்கள்

அங்குள்ள ஆட்டங்களுள் புகழ்பெற்றது ரூலெட் என்னும் சுழல் சக்கரம். ஐரோப்பிய முறைச் சக்கரத்தில் சுழியம் முதல் 36 வரை 37 குழிகள் உண்டு. ஓர் எண்ணின்மேல் நூறு ரூபாய் வைத்து வென்றால், வைத்த நூறோடு 35 மடங்கு தருவர். 37 எண்களிலும் நூறு நூறாக வைத்தால் செலவு 3,700. திரும்பி வருவது 3,600. குறையும் நூறு ரூபாயே விடுதியின் பங்கு. இது நூற்றுக்கு 2.7 ஆகும். அமெரிக்க முறைச் சக்கரத்தில் இரட்டைச் சுழியம் என ஒரு குழி கூடும், பங்கும் 5.26 ஆக உயரும். ஒரே ஒரு குழியால் வருவாய் இருமடங்காகின்றது.

பக்காரா என்னும் சீட்டாட்டம் மக்காவ் நகரின் காசினோக்களில் முதன்மையானது. அதில் இருபுறமும் சமம் என்று பணம் வைப்பவர்க்கு எட்டு மடங்கு தருவதாக ஆசை காட்டப்படும். ஆனால் அவ்விடத்தில்தான் விடுதியின் பங்கு நூற்றுக்கு 14 ஐயும் தாண்டுகிறது. பிளாக்ஜாக் ஆட்டத்தில் 21 ஐக் கடந்தவர் தோற்பார். ஆடுபவர் முதலில் சீட்டெடுக்க வேண்டும். அவர் கடந்துவிட்டால், பின்னர்ச் சீட்டெடுக்கும் விடுதியும் கடந்தால்கூட, அவர் பணம் போனது போனதே. விடுதியின் ஆதாயம் இந்த வரிசை முறையில் அடங்கியிருக்கிறது.

கோவாவின் காசினோக்களில் ஆடப்படும் அந்தர் பாஹர் தமிழ்நாட்டிற்குப் புதிதன்று. ஊர்ப்புறத்தில் மங்காத்தா, உள்ளே வெளியே என்று வழங்குவது அதுவே. அதில் முதற்சீட்டு விழும் பக்கம் வெல்லும் வாய்ப்பு நூற்றுக்கு 51.5. இச்சிறு மிகுதியை ஆடுபவர் எடுத்துக்கொள்ளாதபடி, அப்பக்கம் வென்றால் நூறு ரூபாய்க்குத் தொண்ணூறு மட்டுமே தருவர்.

இவை அனைத்திலும் கொடியது ஸ்லாட் இயந்திரம். எதிரே ஆள் இல்லை. பொத்தானை அழுத்தினால் போதும். உருளைகளில் என்ன படம் நிற்க வேண்டும் என்பதை உள்ளிருக்கும் கணினி நொடியினும் குறைந்த பொழுதில் முடிவு செய்துவிடுகிறது. சுழற்சி வெறும் காட்சி. மூன்றில் இரண்டு படம் ஒத்து, மூன்றாவது ஒரு வரி தள்ளி நிற்கும்போது, "நூலிழையில் தப்பியது" என்று மனம் துடிக்கிறது. அது முழுத் தோல்வியே. ஆயினும் மனம் அதனை வெற்றியின் அண்டையாகக் கொண்டு மீண்டும் அழுத்துகிறது.

நூற்றுக்கு மூன்றும் ஐந்தும்தானே என்று இதனைச் சிறிதாக மதித்தல் பிழை. அப்பங்கு கொண்டு சென்ற பணத்தின்மேல் ஒருமுறை மட்டும் விழுவதன்று. ஒவ்வொரு பந்தயத்தின்மேலும் விழுவது. நூற்றுக்குப் பத்து எடுத்துக்கொள்ளும் இயந்திரம் ஒன்றில், ஆறு நொடிக்கு ஒருமுறை பத்து ரூபாய் வைத்து ஒருவர் ஆடுவதாகக் கொள்க. ஒரு மணி நேரத்தில் 600 முறை. வைத்த தொகை 6,000. சராசரி இழப்பு 600. ஆயிரம் ரூபாயோடு அமர்ந்தவரிடம் இரண்டு மணி நேரத்தில் எஞ்சுவது எதுவுமில்லை.

இக்காரணத்தால் விடுதியின் முயற்சி முழுவதும் ஆடுபவரை இருக்கையிலிருந்து எழவிடாமல் வைப்பதிலேயே செலவாகின்றது. ஆட்டக்கூடங்களில் கடிகாரமும் சாளரமும் காண்பது அரிது. பணம் வண்ண வில்லைகளாக மாற்றப்படுவதால், உழைத்து ஈட்டிய பொருள் என்னும் உணர்வு கையினின்றும் நழுவுகிறது. உணவும் மதுவும் இலவசமாக வரும். மிகுதியாகத் தோற்பவர்க்குத் தங்கும் அறையும் பரிசாகும். தலைக்குமேல் நூற்றுக்கணக்கான காமிராக்கள்.

அறிவால் வெல்ல இயலாதா என்பது அடுத்த வினா. எட்வர்டு தார்ப் என்னும் கணிதப் பேராசிரியர் பிளாக்ஜாக்கில் வெளிவந்த சீட்டுகளை நினைவில் கொண்டு வெல்லும் முறையை 1962 இல் நூலாக வெளியிட்டார். விடுதிகள் சும்மா இருக்கவில்லை. ஒரு கட்டுக்குப் பதில் ஆறு, எட்டுக் கட்டுகளைக் கலந்தன. அவ்வாறு ஆடுவோரைக் கண்டறிந்து வெளியேற்றின. தோற்பவர்க்கு இருக்கை உண்டு. அறிவால் தொடர்ந்து வெல்பவர்க்கு வாயிற்கதவு காட்டப்படும்.

"இத்தனை முறை தோற்றாயிற்று, இனி வென்றே தீர வேண்டும்" என்பதும் மயக்கமே. 1913 இல் மான்டி கார்லோ காசினோவில் ரூலெட் பந்து தொடர்ந்து 26 முறை கறுப்பிலேயே விழுந்தது. அடுத்தது சிவப்பே என்று நம்பி மேன்மேலும் பணம் வைத்தோர் பெரும்பொருள் இழந்தனர். பந்துக்கு நினைவாற்றல் இல்லை. நேற்றைய இழப்பு நாளைய வெற்றிக்கு முன்பணம் ஆகாது.

தம் மக்களை உள்ளே விடாத நாடுகள்

காசினோ தீதன்று என்போர்க்கு, அதனை நடத்தும் நாடுகளின் சட்டங்களே விடை தருகின்றன. வெனிசு நகர ஆட்சியர் 1638 இல் ரிதோத்தோ என்னும் சூதாடு மாளிகையைத் திறந்தனர். நகரின் செல்வக்குடிகள் வறுமையுறக் கண்டு 1774 இல் அதனை மூடினர். மான்டி கார்லோவால் புகழ்பெற்ற மொனாக்கோ நாட்டில் அந்நாட்டுக் குடிமக்கள் அங்கே சூதாடத் தடை உண்டு. நேபாளத்துக் காசினோக்களில் நேபாளியர்க்கு அனுமதி இல்லை. தென்கொரியாவில் ஒரே ஒரு காசினோ தவிர ஏனையவை வெளிநாட்டவர்க்கு மட்டுமே.

தமிழர் மிகுந்து வாழும் சிங்கப்பூரில் 2010 இல் இரண்டு காசினோக்கள் திறக்கப்பட்டன. சுற்றுலாப் பயணிகள் கட்டணமின்றிச் செல்லலாம். குடிமக்களும் நிரந்தர வாசிகளும் ஒரு நாளுக்கு 100 வெள்ளி நுழைவு வரி செலுத்த வேண்டும். 2019 இல் அது 150 வெள்ளியாக உயர்த்தப்பட்டது. சூதால் குடும்பம் சீரழிந்தால் மனைவியோ, பெற்றோரோ, மக்களோ, உடன்பிறந்தாரோ விண்ணப்பித்து, அவரைக் காசினோவுக்குள் விடாதிருக்கும் ஆணையைப் பெறவும் அங்கே வழியுண்டு.

இந்தியாவில் கோவாவும் சிக்கிமும் காசினோக்களுக்கு இடமளிக்கின்றன. பனாஜியில் மாண்டவி ஆற்றின்மேல் மிதக்கும் கப்பல்களில் ஆட்டம் நடைபெறுகிறது. அங்கும், 2020 பிப்ரவரி முதல் கோவா மக்கள் ஆட்டக்கூடத்துள் நுழையத் தடை விதிக்கப்பட்டது. வருபவன் அயலான் ஆயின் வரவேற்பு. தன் வீட்டுப் பிள்ளை ஆயின் தடை. இதனினும் தெளிவான வாக்குமூலம் வேறு வேண்டுமோ?

கைக்குள் வந்த கழகம்

தமிழ்நாட்டில் காசினோ இல்லை. 1930 ஆம் ஆண்டுச் சூதாட்டச் சட்டம் பொதுச் சூதாடு களங்களை விலக்குகிறது. 1968 இல் அரசே தொடங்கிய பரிசுச்சீட்டு பல குடும்பங்களின் நாட்கூலியை உறிஞ்சியதைப் பெரியோர் அறிவர். 2003 இல் பரிசுச்சீட்டு விற்பனை முற்றிலும் தடை செய்யப்பட்டது. ஆனால் வாயில் காத்த இச்சட்டங்கள் எதிர்பாராத வழியில் கழகம் உட்புகுந்தது. அவ்வழி கைப்பேசி. காசினோவில் கடிகாரம் இல்லை. கைப்பேசியில் கடிகாரம் இருந்தும் நள்ளிரவில் அதனைப் பார்ப்பார் இல்லை. வண்ண வில்லையின் இடத்தைத் திரையில் மாறும் வெறும் எண்கள் பிடித்தன. நுழைவு வரியும் இல்லை, வாயிற்காவலனும் இல்லை.

தமிழ்நாடு அரசு 2021 இல் இயற்றிய தடைச் சட்டத்தை உயர் நீதிமன்றம் அவ்வாண்டே செல்லாதென்றது. இணையவழிச் சூதால் உயிரை மாய்த்துக்கொண்டோர் பற்றிய செய்திகள் தொடர்ந்த நிலையில், ஓய்வுபெற்ற நீதியரசர் சந்துரு தலைமையிலான குழுவின் அறிக்கைக்குப் பின் புதிய சட்டம் இயற்றப்பட்டு, 2023 ஏப்ரலில் ஆளுநரின் ஒப்புதல் பெற்றது. அவ்வாண்டு நவம்பரில் உயர் நீதிமன்றம் அச்சட்டத்தை ஏற்றது. எனினும் ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டங்கள் எனக் கூறி அவற்றின்மீதான தடையை நீக்கியது. 2025 இல் வந்த விதிகள் நள்ளிரவு 12 மணி முதல் விடியற்காலை 5 மணி வரை பணம் வைத்து ஆடுதலை விலக்கின. பின்னர், 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் திறமை, வாய்ப்பு என்னும் வேறுபாடின்றிப் பணம் வைத்தாடும் இணைய ஆட்டங்களை நடத்துவோர்க்குத் தண்டனை விதிக்கும் சட்டத்தை நிறைவேற்றியது. ஆடுவோரை அச்சட்டம் தண்டிக்கவில்லை; அவரைப் பாதிக்கப்பட்டவராகவே கருதுகிறது. எனினும் கடல் கடந்து இயங்கும் செயலிகள் புதுப்புதுப் பெயர்களில் வருதல் இயல்பே. சட்டம் ஊரின் வேலி. வீட்டின் கதவை வீட்டாரே காத்தல் வேண்டும்.

இல்லறத்தார் செய்யத்தக்கவை

இம்மாவட்டத்து வேர்க்கடலை உழவர் குடும்பம் ஒன்றை எண்ணிப் பார்க்க. அறுவடைப் பணம் தந்தையின் வங்கிக் கணக்கில் உள்ளது. கைப்பேசி வழியே அதனைக் கையாள்பவன் மகன். ஒரு மாலையில் நூறு ரூபாய் வைத்து எண்ணூறு வென்றான். மறுவாரம் மூவாயிரம் இழந்தான். அதனை மீட்கப் பத்தாயிரம் வைத்தான். தங்கையின் கல்லூரிக் கட்டணம் செலுத்தும் நாள் நெருங்கியபோது, கடன் தரும் செயலியை நாடினான். அவன் தீயவன் அல்லன்; இழந்ததை யாரும் அறியாமுன் ஈடுசெய்துவிடலாம் என நம்பியவன். இழப்பினும் கொடியது அவ்விழப்பை மறைக்கும் தனிமை. உயிர்க்கேடு நேர்வது பெரும்பாலும் அத்தனிமையில்தான்.

இதற்குச் சமண அறம் காட்டும் வழிகள் தெளிவானவை. முதலாவது, மிகுபொருள் விரும்பாமை என்னும் அணுவிரதம். உழைப்பின்றி வரும் ஒரு ரூபாயும் மற்றொருவர் வீட்டு அடுப்பிலிருந்து எடுக்கப்பட்டதே என உணர்ந்தால், வெற்றியும் இனிக்காது. வென்றவனும் இம்சைக்கு உடந்தையே.

இரண்டாவது, எல்லை வகுத்தல். இன்ன திசையில் இவ்வளவு தொலைவுக்கு அப்பால் செல்லேன் என்பது திக்விரதம். இன்றைய நாளுக்கு இவ்விடத்தைக் கடவேன் என்பது தேசாவகாசிகம். கால் நடந்து எல்லை கடந்த காலத்தில் வகுத்த விரதங்கள் இவை. விரல் நுனியால் எல்லை கடக்கும் இக்காலத்தில் கைப்பேசிக்கும் அவை பொருந்தும். குடும்பத்தின் சேமிப்பு வேறு கணக்கில் இருத்தல், அன்றாடப் பரிமாற்றத்துக்கு உச்சவரம்பு வைத்தல், இரவு குறித்த நேரத்துக்குப்பின் கைப்பேசியைக் கூடத்தில் வைத்தல் ஆகியவை இக்கால விரதங்கள். விடுதிக்குள் சென்று அடங்கி ஆடுவேன் என்பவன் எண்களோடு போரிடுகிறான். வாயிலிலேயே நின்றுவிட்டவன் போரிட வேண்டியதில்லை.

மூன்றாவது, பிரதிக்கிரமணம். செய்த பிழையைத் தானே எடுத்துரைத்து அதனின்றும் மீள்தல் சமணரின் தொன்மையான ஒழுக்கம். பிழையைச் சொல்பவர் இருந்தால் போதாது. சினவாமல் கேட்பவரும் வேண்டும். "பணம் எங்கே?" என்னும் வினாவுக்கு முன், "என்ன துன்பம், சொல்லப்பா" என்னும் வினா எழட்டும். உலக நல நிறுவனமே சூதுப் பழக்கத்தை ஒரு நோயாக வகைப்படுத்தியுள்ளது. நோயுற்றவனை வெளியே தள்ளும் வீடு இல்லை. 14416 என்னும் டெலி மானஸ் எண்ணில் நாளின் எந்நேரத்திலும் கட்டணமின்றி மனநல ஆலோசனை பெறலாம். கடனைக் கணக்கிட்டுக் குடும்பமாகத் தீர்க்கலாம். போன பணத்தை ஆட்டத்தின் வழியே மீட்க முயல்வதை மட்டும் அக்கணமே நிறுத்துதல் வேண்டும்.

அடி அண்ணாமலையின் வழியே முழுநிலா இரவுகளில் பல்லாயிரவர் 14 கிலோமீட்டர் நடக்கின்றனர். அவர்தம் சமயம் வேறாயினும், ஓரடியும் உழைப்பின்றிக் கடக்க இயலாத பாதை அது. பொருளும் அவ்வாறே ஈட்டப்படுவது. இன்றிரவு இல்லந்தோறும் முக்தி நாள் விளக்கேற்றும்போது, பிள்ளைகளை அருகமர்த்தி லங்கர் கட்டையின் கணக்கை ஒருமுறை எழுதிக் காட்டுக. எது நேர்ந்தாலும் இவ்வீட்டில் சொல்லலாம் என்னும் உறுதியையும் அவர்க்கு அளித்திடுக.

அருகன் அறம் வாழ்க! அனைத்துயிரும் இன்புறுக!